கடலில் நிற்பவளைக் கூப்பிடுவது எப்படி

கதிர்காமு கேட்டது ஒரேயொரு கேள்விதான். சுவேதினி அதற்கு மூச்சு விடாமல் பதில் சொன்னாள். சொன்னதில் ஒன்றுகூட அந்தக் கேள்விக்கானது இல்லை.

உயிலங்குளத்தில் அவருடைய வீட்டு முற்றம். இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள். ஒன்றில் அவர், எதிரில் சுவேதினி. அவருடைய மகள் யதுர்சிகா குசினி வாசலில் நின்றுகொண்டு, இந்த நேரத்தில் தேத்தண்ணி கொண்டுபோகலாமா என்று தாய் வசந்தமலரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வசந்தமலர் கண்ணால் 'பொறு' என்றாள்.

இரண்டு பெண்களும் மன்னார் நகரத்தில் ஒரே தொழில்நுட்பக் கல்லூரி. சுவேதினி குளிரூட்டி திருத்தப் படிக்கிறாள், யதுர்சிகா நில அளவை. கல்லூரியின் பாய்ப்படகு அணியில் இருவருக்கும் ஒரே படகு. சுக்கானும் பெரிய பாயும் சுவேதினியின் கையில். முன்பாயும், படகு சரியும்போது வெளியே சாய்ந்து அதை நிமிர்த்துகிற வேலையும் யதுர்சிகாவுடையது. சனிக்கிழமைகளில் மகள் 'விளையாட்டுப் பழக்கம்' என்று போனது மைதானத்துக்கு அல்ல, கடலுக்கு என்பது கதிர்காமுவுக்கு அந்தக் கிழமைதான் தெரியவந்தது. பக்கத்து வீட்டுக்காரர் போனில் படத்தைக் காட்டி, "இது உன்ரை பெட்டையெல்லே?" என்று கேட்டிருந்தார்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் சுவேதினிக்குப் பயமாக இருந்தது.

"பிள்ளை," என்றார். "வயலிலை நிக்கிற ஆளை வரம்பிலை நிண்டு ஒரு சத்தம் வைச்சால் வரும். குளத்துக்கு அங்காலை நிண்டாலும் கேக்கும். கடலிலை நிக்கிறவளை நான் எப்பிடிக் கூப்பிடுறது?"

"லைஃப் ஜக்கெற் போடுறனாங்கள் மாமா. றெஸ்கியூ போட் பின்னாலையே வரும். நீந்தத் தெரியாத ஆளை இறக்கவே மாட்டினம். யது இப்ப என்னைவிட வடிவா நீந்துவாள். தண்ணியும் கன ஆழமில்லை..."

அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தேத்தண்ணி வந்தது. குடித்து முடித்துக் கோப்பையைக் கதிரைக்குக் கீழே வைத்தார்.

"கீரிக் கடற்கரையிலை போட்டி எண்டு சொன்னியள். ஞாயிற்றுக்கிழமை வந்து பாக்கிறன். பாத்திட்டுச் சொல்லுறன்."

அவ்வளவுதான் பேச்சு. அவர் வேண்டாம் என்றால் யதுர்சிகா இனிப் படகில் ஏறமாட்டாள். தகப்பனோடு வாதாடுகிற பிள்ளை அவள் இல்லை. முன்பாயைப் பிடிக்கக் கல்லூரியில் வேறு ஆளே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் சுவேதினியின் வாயைப் பொறுத்துக்கொண்டு ஒன்றரை வருசம் ஒரே படகில் இருந்தவள் யதுர்சிகா ஒருத்திதான். மற்றவர்கள் இரண்டாம் நாளே விளையாட்டுப் பொறுப்பாளர் றொஷேல் மிஸ்ஸிடம் போய், "கரப்பந்துக்கு மாறலாமோ மிஸ்?" என்று கேட்டுவிடுவார்கள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது மன்னார்ப் பாலத்தில் காற்று யன்னலால் அடித்தது. அப்போதுதான் சுவேதினிக்கு உறைத்தது. அவர் கேட்டது பாதுகாப்பைப் பற்றி அல்ல.

சுவேதினியின் வாய்க்கு அவள் பிறந்து வளர்ந்த கடற்கரை ஊரான பேசாலைதான் பொறுப்பு. அந்தக் கரையில் மெல்லப் பேசிப் பழக இடமே கிடையாது. ஒரு பக்கம் வள்ளத்து எஞ்சின், மறுபக்கம் காற்று, நடுவில் மீன் ஏலம். வீட்டில் உப்புக் கேட்பதென்றாலும் சண்டை பிடிப்பதுபோலத்தான் கேட்பார்கள். தகப்பன் செபமாலைக்குச் சொந்தமாக ஒரு வள்ளம் இருக்கிறது. ஆனால் மகள் முதன்முதலாகக் கடலில் இறங்கியது கல்லூரிக்கு வந்த பிறகுதான். பேசாலையில் பெண் பிள்ளை வலையிலிருந்து மீன் கழற்றுவாள், கருவாடு காயப்போடுவாள், வள்ளத்தில் ஏறமாட்டாள். ஏறக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. ஏறுவதில்லை, அவ்வளவுதான்.

கல்லூரியில் பாய்ப்படகு அணி தொடங்குகிறார்கள் என்று அவள் சொன்ன அன்று செபமாலை வலைக்கு முன்னால் குந்தியிருந்தார்.

"எஞ்சின் இல்லையோ?"

"இல்லை அப்பா. காத்துத்தான்."

"மீனும் பிடிக்கிறேல்லை?"

"இல்லை."

"அப்ப என்னத்துக்குப் போறியள்?"

"தண்ணியிலை மிதவை போட்டிருப்பினம். அதைச் சுத்தி வாறது."

"சுத்திப் போட்டு?"

"திரும்பி வாறது."

செபமாலை ஊசியை வலைக்கண்ணில் செருகிவிட்டு யோசித்தார். "திரும்பி வாறதெண்டால் சரி. போ."

தாய்க்கு மட்டும் ஒரு நிபந்தனை இருந்தது. ஞாயிறு கடன்திருநாள், பூசைக்குப் போயே ஆகவேண்டிய நாள். பேசாலையில் அன்று வள்ளங்கள் கரையில்தான் கிடக்கும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை எங்கே போவதென்றாலும் முதல் பூசையைக் கண்டுவிட்டுத்தான் போகவேண்டும். "மீன் பிடிக்கிறதுதானடி பாவம், பாய் விரிக்கிறதுக்கு ஆண்டவர் ஒண்டும் சொல்லமாட்டார்" என்று தகப்பன் பகிடி விட்டார். தாய் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடலில் இறங்கினால் ஏதாவது ஒன்று நடக்கும் என்ற எண்ணம் அவளிடமிருந்து மகளுக்கும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

பேசாலையில் சிறுபிள்ளையாக அவளுக்கென்று இன்னொரு வேலையும் இருந்தது. கரையில் எப்போதும் ஒரு நீளத் தடி சாத்தியிருக்கும். கடலில் நிற்கிறவர்களை அவசரமாகக் கூப்பிடவேண்டும் என்றால் அந்தத் தடியில் கையில் அகப்பட்ட துணியைக் கட்டி, உயர்த்திப் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆட்டவேண்டும். துணியைக் கண்டவன் வலையை அறுத்துவிட்டாவது வருவான். இப்போது எல்லோரிடமும் போன் இருக்கிறது. என்றாலும் தூரத்தில் சிக்னல் கிடைக்காது, கிடைத்தாலும் போன் பொலித்தீன் பைக்குள் சுற்றிக் கிடக்கும். தடி இன்னமும் கரையில்தான் இருக்கிறது.

தம்பி பிறக்கத் தாய்க்கு வலி எடுத்த விடியற்காலையில் துணி கட்டியவள் சுவேதினி. கட்டிலில் இருந்த பூப்போட்ட விரிப்பையே உருவிக்கொண்டு ஓடினாள். தகப்பனைத்தான் கூப்பிட்டாள். வந்தது கடலில் நின்ற அத்தனை வள்ளமும். யாருடைய வீட்டுக்கான துணி என்று தூரத்திலிருந்து தெரியாது அல்லவா? பாதி மீனோடும் ஈர வலையோடும் ஒரு கூட்டம் ஆண்கள் வீட்டு வாசலில் நின்று, "என்ன பிள்ளை, என்ன நடந்தது?" என்று கேட்டார்கள். "அம்மாக்கு வலி" என்றாள். ஒருவரும் ஏசவில்லை. ஒருவர் ஆட்டோ பிடித்தார். ஒருவர் இரண்டு பாரை மீனைக் குசினியில் வைத்துவிட்டுப் போனார்.

"இவ்வளவு பேரும் ஏனப்பா வந்தவை?" என்று அவள் பிறகு கேட்டாள்.

"துணி எழும்பினால் வாறதுதான்," என்றார் செபமாலை. "ஏன் எண்டு கரைக்கு வந்துதான் கேக்கிறது."

சனிக்கிழமை கீரிக் கரையில் கூடாரங்கள் நின்றன. கொழும்பு, திருகோணமலை, காலி என்று கல்லூரிகள். பாட்டுப் பெட்டி ஒன்று, ஐஸ்கிரீம் வான் ஒன்று, கூடாரத்து நிழலுக்கு வந்து நின்று யார் கலைத்தாலும் அசையாத இரண்டு கழுதைகள். சோளகக் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசியது. பனைகளுக்கு மேலால் வருவதால் ஒரே சீராக வராது. கொஞ்சம் ஓய்ந்து, பிறகு ஒரு குத்துக் குத்தும்.

மொத்தம் ஐந்து ஓட்டம். சனி மூன்று, ஞாயிறு இரண்டு. ஒவ்வொரு படகும் தன்னுடைய மிக மோசமான ஓட்டம் ஒன்றைக் கணக்கிலிருந்து கழித்துவிடலாம். மொத்தத்தில் முதல் மூன்று படகுகளுக்குத் திருகோணமலையில் நடக்கும் இறுதிப்போட்டிக்கு இடம்.

முதல் ஓட்டத்திலேயே அவர்கள் கவிழ்ந்தார்கள்.

"காத்து வருது," என்று யதுர்சிகா சொன்னாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் சொன்னாள். அந்த நேரம் சுவேதினி காலிக் கல்லூரியின் படகைப் பார்த்து, "அங்காலை எடு! எங்கட வழி! எங்கட வழி!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். அடுத்த நொடி பாய் தண்ணீரில் படுத்தது. படகை நிமிர்த்தி, தண்ணீரை இறைத்து, கடைசிக்கு முந்தினதாக வந்து சேர்ந்தார்கள். கழித்துவிடக்கூடிய ஓட்டம் அதோடு செலவாகிவிட்டது. மற்ற இரண்டில் ஒரு இரண்டாமிடம், ஒரு முதலிடம்.

பின்னேரம் படகைக் கழுவும்போது யதுர்சிகா சொன்னாள், "நான் ரெண்டு தரம் சொன்னனான்."

"எனக்குக் கேக்கேல்லையடி."

"கேக்கேல்லை எண்டில்லை. நீ கேக்கிறேல்லை." அவள் கோபமாகச் சொல்லவில்லை. வாளியிலிருந்த தண்ணீரைச் சுக்கானில் ஊற்றிக்கொண்டே சொன்னாள். "நாளைக்கு அப்பா வேண்டாம் எண்டு சொன்னால், எனக்குப் பிறகு வாறவள் சொல்லுறதையாவது கேள்."

  "உனக்குப் பிறகு ஒருத்தியும் வரமாட்டாள்," என்று மட்டும் சுவேதினி சொல்லிவிட்டு, ஏற்கெனவே கழுவின பக்கத்தைத் திரும்பவும் கழுவினாள்.

ஞாயிறு காலை முதல் பூசை கண்டு, தகப்பனின் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள்.  செபமாலை அவளை இறக்கிவிட்டு, "காத்து நல்லாய்த்தான் இருக்கு," என்றார். அது அவருடைய வாழ்த்து. தாய் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

நான்காவது ஓட்டத்தில் மூன்றாமிடம். றொஷேல் மிஸ் கரையிலிருந்து நாலு விரலைக் காட்டினா. கடைசி ஓட்டத்தில் நாலுக்குள் வந்தால் போதும், திருகோணமலை நிச்சயம். அடுத்த ஓட்டம் தொடங்கும்வரை படகுகள் தண்ணீரிலேயே சுற்றிக்கொண்டு நின்றன. அப்போதுதான் சுவேதினி கூட்டத்துக்குள் ஒரு வெள்ளைச் சால்வையைக் கண்டாள்.

"யது, உன்ரை அப்பா."

யதுர்சிகா திரும்பிப் பார்த்தாள். கதிர்காமு வேட்டி கட்டி, சால்வை போட்டு, கோயிலுக்கு வந்தவர்போல வந்திருந்தார். கையில் சாப்பாட்டுப் பார்சல். தண்ணீருக்கு மிகக் கிட்ட வராமல், அலை தொடாத இடத்தில் செருப்போடு நின்றார்.

"அம்மா எங்கை? அம்மாவும் வாறன் எண்டு சொன்னவ."

"காணேல்லை. தனியத்தான் நிக்கிறார்."

வசந்தமலருக்குப் போன கிழமை பிரஷர் ஏறி, ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்துவிட்டு விட்டிருந்தார்கள்.  யதுர்சிகா கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றினாள். சுவேதினி அதைக் கவனித்தாள்.

கொம்பு ஊதியது. ஓட்டம் தொடங்கியது.

நல்ல ஓட்டம் எப்படி இருக்கும் என்று கேட்டால் சுவேதினியால் சொல்லத் தெரியாது. அன்று நடந்தது அதுதான். முதல் மிதவை கரைக்குக் கிட்டப் போடப்பட்டிருந்தது. காற்றை எதிர்த்து, அங்குமிங்குமாக வெட்டிவெட்டி அதுவரை ஏறி, அதைச் சுற்றி, பிறகு காற்றோடு கடலுக்குள் ஓடவேண்டும். யதுர்சிகா, "காத்து வருது," என்றாள். சுவேதினி கேட்டாள். பாயைக் கொஞ்சம் இளக்கினாள், படகு சரியாமல் பாய்ந்தது. "அளவு காணும், இப்ப வெட்டு," என்றாள் யதுர்சிகா. நில அளவைக்காரியின் கண் கோணத்தைப் பிழையாகப் பார்ப்பதில்லை. சுவேதினி வெட்டினாள். ஒரு சத்தமும் போடவில்லை. கொழும்புப் படகு பின்னால் போனது. காலி பின்னால் போனது. முன்னால் ஆள் இல்லை. மிதவை மட்டும் மஞ்சளாக ஆடிக்கொண்டிருந்தது.

கரை கிட்ட வந்தது. பாட்டுப் பெட்டியின் சத்தம் கேட்டது. கூட்டத்தின் முகங்கள் தெரிந்தன. அந்த முகங்களுக்கு மேலே ஒரு தடி எழும்பியது.

தடியில் வெள்ளைத் துணி. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். தடியைப் பிடித்திருந்தவர் கதிர்காமு.

சுவேதினியின் கண் துணியிலேயே நின்றது. இவர் தனியாக வந்தார். வசந்தமலர் மாமி வரவில்லை. இப்போது துணி எழும்புகிறது. அதுவும் ஞாயிற்றுக்கிழமை.

யதுர்சிகா கண்ணை மிதவையிலிருந்து எடுக்காமல் முன்பாய்க் கயிற்றைத் தயாராகப் பிடித்திருந்தாள். "இன்னும் ரெண்டு படகு நீளம்... இப்ப. இப்ப திருப்பு. சுவே, திருப்பு!"

மிதவை படகின் பக்கத்தால் வழுகிப் பின்னால் போனது.

"எடியே! மிதவை! என்ன செய்யிறாய்?"

"கரைக்குப் போறம்."

"ஏன்?"

"கரைக்குப் போறம், யது. ஒண்டும் கேளாதை."

அந்தக் குரலில் சுவேதினி அதுவரை பேசியதே இல்லை. அவ்வளவு மெதுவாக. யதுர்சிகா அப்போதுதான் தலையைத் தூக்கிக் கரையைப் பார்த்தாள். தகப்பனைக் கண்டாள். முன்பாய்க் கயிற்றை இறுக்கினாள். சுவேதினி ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் அவளுடைய ஜக்கெற்றின் பட்டியைப் பிடித்திருந்தாள். எதற்கென்று அவளுக்கே தெரியாது. பின்னால் கொழும்புப் படகு மிதவையைச் சுற்றிக் கடலுக்குள் ஓடியது.

அடிப்பலகை மணலில் உரசி, படகு நின்றது. யதுர்சிகா குதித்து, முழங்கால் தண்ணீரில் ஓடினாள்.

கதிர்காமு முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். தடி இன்னும் கையில்.

"வெண்டிட்டியளோ?"

"அப்பா, அம்மாக்கு என்ன?"

"அம்மாக்கோ?" அவர் சிரிப்பை நிறுத்தினார். "அவவுக்கு என்ன? மறி ஆடு இண்டைக்குக் குட்டி போடும் போலை இருக்கெண்டு நிண்டிட்டா. இந்தா, உங்களுக்குக் கத்தரிக்காய் பொரிச்சுத் தந்துவிட்டவ."

யதுர்சிகா தண்ணீருக்குள் அப்படியே இருந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"அப்ப ஏன் மாமா கூப்பிட்டனீங்கள்?" என்று படகிலிருந்து கேட்டாள் சுவேதினி.

"நானோ? நான் எங்கை கூப்பிட்டனான்?"

"தடியிலை துணி கட்டி ஆட்டினியள்."

கதிர்காமு தடியைப் பார்த்தார். தன்னுடைய கையைப் பார்த்தார். "பிள்ளையள் முன்னுக்கு வாறதைக் கண்டவுடனை இருக்கேலாமல் போச்சு. கூடாரத்துக்குப் பின்னாலை இந்தத் தடி கிடந்தது. நெல்லு பால் பிடிச்ச நாளிலையிருந்து வயலிலை குருவி கலைக்கிற கை பிள்ளை இது. அது தன்ரை பாட்டிலை ஆட்டிப் போட்டுது." பிறகு குரல் தணிந்தது. "ஏன், ஆட்டக்கூடாதோ?"

"எங்கட பேசாலையிலை அது 'கரைக்கு வா' எண்டது மாமா. கண்டால் வரவேணும்."

"எனக்கு அது தெரியாது."

"ஓம். உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

றொஷேல் மிஸ் சப்பாத்தோடு தண்ணீருக்குள் ஓடிவந்தா. "என்னடி உடைஞ்சது? சுக்கானோ?"

"ஒண்டும் உடையேல்லை மிஸ்."

"பின்னை ஏனடி நிக்கிறியள்? ஓட்டம் இன்னும் முடியேல்லை! மிதவையைச் சுத்திப்போட்டுப் போங்கோ!"

யதுர்சிகா எழும்பி ஏறினாள். படகு அசையவில்லை. இரண்டு பேரின் பாரமும் அதை மணலில் அமத்தி வைத்திருந்தது. ஒருத்தி இறங்கித் தள்ளலாம் என்று சுவேதினி காலைத் தூக்குவதற்குள் படகு நகர்ந்தது. திரும்பிப் பார்த்தால் கதிர்காமு. செருப்பில்லை. வேட்டி இடுப்புவரை நனைந்து காலில் ஒட்டியிருந்தது. கடல் தண்ணீரில் கால் நனைக்காத மனிதர், சேற்றில் மாட்டின உழவு யந்திரத்தைத் தள்ளுகிறமாதிரித் தோளைக் கொடுத்துத் தள்ளினார்.

"போங்கோ! போங்கோ! கெதியாப் போங்கோ!"

பாய் காற்றைப் பிடித்தது. மிதவையைச் சுற்றினார்கள். கடலுக்குள் ஓடினார்கள். முன்னால் ஒரு படகும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. அவசரப்பட ஒன்றுமில்லாததால் அவசரப்படவில்லை. பாதித் தூரத்தில் யதுர்சிகா, "மறி ஆடு," என்றாள். அதோடு இரண்டு பேருக்கும் சிரிப்புத் தொடங்கி, கீழ் மிதவையில் படகைத் திருப்ப மறந்துபோகப் பார்த்தார்கள்.

முடிவுக் கோட்டை அவர்கள் கடந்தபோது மற்றப் படகுகள் பாயைக் கழற்றிக்கொண்டிருந்தன. என்றாலும் கரையில் பெரிய கைதட்டல். கதை அதற்குள் கூடாரம் கூடாரமாகப் போய்விட்டிருந்தது. ஐஸ்கிரீம் வான்காரர்கூட எழும்பி நின்று தட்டினார்.

கைதட்டல் ஓய்ந்த பிறகு நடுவர் வந்தார். தென்பகுதிக்காரர், நரைத்த தலை, நல்ல மனிதர். படகை வெளி ஆள் ஒருவர் தள்ளியதைத் தான் கண்டதாகச் சொன்னார். போட்டியில் இருக்கும் படகுக்கு வெளி உதவி கூடாது. கடைசியாக வந்த இடமும் செல்லாது. அவர் சிங்களத்தில் சொல்ல, றொஷேல் மிஸ் தமிழில் சொன்னா. துணியின் கதையை மிஸ் திருப்பிச் சொன்னபோது நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கதிர்காமுவைப் பார்த்துக் கும்பிட்டார், ஆனால் தீர்ப்பை மாற்றவில்லை. ஓட்டத்திலிருந்து நீக்கம். மொத்தத்தில் ஐந்தாமிடம். திருகோணமலை இல்லை.

கூடாரத்து நிழலில் மூன்று பேரும் மணலில் இருந்தார்கள். பார்சல் பிரிந்தது. சோறு, பொரித்த கத்தரிக்காய், முட்டை. கழுதை ஒன்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. கதிர்காமுவின் வேட்டியிலிருந்து தண்ணீர் இன்னமும் வடிந்துகொண்டிருந்தது. அவர் சாப்பிடவில்லை.

"முதலிலை கூப்பிட்டுக் கெடுத்தன். பிறகு தள்ளிக் கெடுத்தன்."

"அதெல்லாம் இல்லை மாமா."

"இல்லாமல் என்ன? வயலுக்குள்ளை மாடு விட்டமாதிரி வந்து நிண்டிருக்கிறன்."

"அப்பா, சாப்பிடுங்கோ."

ஒரு வாய் சாப்பிட்டார். கடலைப் பார்த்தார். மிதவைகளைப் படகு ஒன்று இழுத்துக்கொண்டு வந்தது. அவர் நின்ற இடத்துக்கும் மிதவை இருந்த இடத்துக்கும் நடுவே கண்ணை இரண்டு மூன்று தரம் கொண்டுபோய்க் கொண்டுவந்தார்.

"பிள்ளை," என்றார் சுவேதினியிடம். "அங்கை நிக்கேக்கை நான் ஆட்டினது வடிவாத் தெரிஞ்சுதோ?"

"தெரிஞ்சுது மாமா."

"இன்னும் அங்காலை, அந்தத் தூரத்து மிதவையடியிலை நிண்டிருந்தால்?"

சுவேதினி யோசித்தாள். பொய் சொல்ல விருப்பமில்லை. "சால்வை சின்னன். கண்டிருப்பமோ தெரியாது."

"அதுதான் நானும் பாத்தன்." அவர் தடியிலிருந்து சால்வையை அவிழ்த்துப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார். தடியை மட்டும் கையில் வைத்துப் பாரம் பார்த்தார். "அடுத்தமுறை அம்மாவின்ரை சீலை ஒண்டு கொண்டு வாறன். சிவப்பு. சும்மா ஆட்டமாட்டன். ஏதும் தேவை எண்டால் மட்டும்."

பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழும்பி, செருப்பைத் தேடிப் போனார். ஒரு செருப்புத்தான் கிடைத்தது. மற்றதைத் தேடிக் கூடாரத்தின் பின்பக்கம் போனார்.

யதுர்சிகா சோற்றுக் கையை அப்படியே வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். பிறகு முழங்கையால் சுவேதினியை இடித்தாள்.

"அடுத்தமுறை எண்டவர். கேட்டியோ?"

"கேட்டனான்," என்றாள் சுவேதினி.